ஓரத்தில் ஒளியாதே, கண்ணில் படு

புதுக்கோட்டை மாவட்டத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா சைக்கிள் வந்து சேரும் வாரத்தில் என் பாடம் கரும்பலகையை விட்டு மைதானத்துக்கும், அங்கிருந்து சாலைக்கும் போய்விடும். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும். ஊர்த் தெருவில், குளத்துக் கரையில், அண்ணன் சைக்கிளில் பழகியவர்கள். ஆனால் தெருவில் ஓட்டுவது வேறு. டிப்பரும் பேருந்தும் காரும் விரையும் சாலையில் அவற்றோடு சேர்ந்து ஓட்டுவது வேறு. முதலாவதை ஊர் கற்றுத்தருகிறது. இரண்டாவதைக் கற்றுத்தர ஆளில்லை. அதனால் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்துக்குச் சைக்கிளோடு ஆழமான உறவு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அந்த இயக்கத்தின் பகுதியாக்கினார். வயல்வேலைப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். என் அம்மாவும் அப்படி ஏறியவர்தான். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முன்பாரில் தம்பியை வைத்துக்கொண்டு அவர் போன சாலை இன்றும் இருக்கிறது. அதன் அகலமும் அதில் ஓடும் வண்டிகளின் வேகமும்தான் மாறிவிட்டன. அன்று விழாமல் ஓட்டத் தெரிந்தால் போதும். இன்று மற்றவர் நம்மைப் பார்க்கும்படி ஓட்டத் தெரிய வேண்டும்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பயமுறுத்தச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். பயந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தடுமாறுவார். கற்றவர் நேராகப் போவார்.

ஓரம் என்றால் எவ்வளவு ஓரம்?

"ஓரமாப் போ" என்பது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்கும் அறிவுரை. அன்பில் பிறந்தது. ஆனால் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, தார் முடியும் விளிம்பிலேயே சக்கரத்தை உருட்டுகிறது. அந்த விளிம்பில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று பள்ளிச் சாலையில் நடந்து பார்த்து எழுதிவரச் சொல்வேன். டிப்பரிலிருந்து சிந்திய ஜல்லி, காற்று ஒதுக்கிய மணல், பாட்டில் சில்லு, சீமைக் கருவேல முள், அறுவடைக் காலமானால் காயப்போட்ட உளுந்துச்செடி. தார்மேல் தார் போட்டு உயர்ந்த சாலைக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் வேறு.

இதற்குள் ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடையையும் தவிர்க்கச் சட்டென்று வலப்பக்கம் வெட்டுவார். பின்னால் வரும் ஓட்டுநர் அதை எதிர்பார்க்க வழியில்லை. இன்னொன்றும் உண்டு. சைக்கிள் விளிம்போடு ஒட்டிப் போனால், பின்னால் வருபவருக்கு 'வேகத்தைக் குறைக்காமலே உரசாமல் போய்விடலாம்' என்று தோன்றும். இடம் விட்டு நேராகப் போகும் சைக்கிளைக் கண்டால்தான் 'இதைச் சுற்றிப் போக வேண்டும்' என்று நினைப்பார்.

ஆகவே என் முதல் விதி: தார் விளிம்பிலிருந்து இரண்டரை, மூன்று அடி உள்ளே, இடப்பக்கமாக, நேர்கோட்டில் போ. வழியில் கார்கள் நிற்கின்றனவா? ஒவ்வொரு காருக்கும் இடையே நுழைந்து நுழைந்து வெளியே வராதே. முதல் கார் வருவதற்கு வெகு முன்பே பின்னால் பார்த்துவிட்டு வெளியே வந்து, கடைசிக் கார் வரை அதே கோட்டில் போ. நிற்கும் காருக்கும் உனக்கும் நடுவே ஒரு கதவு முழுதாகத் திறக்கும் அளவு இடம் இருக்கட்டும். கடைத்தெருவில் ஓட்டுநர் பக்கக் கதவு திடீரென்று திறந்து, அதில் மோதி சாலை நடுவில் விழுவதுதான் மிக மோசமான விழுகை. பின்னால் வரும் வண்டிக்கு நிறுத்த நேரமே இருக்காது.

எதிரெதிரே இரண்டு பெரிய வண்டிகள் சந்திக்கும் குறுகிய சாலையில் மட்டும் வேறு விதி. அங்கே கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. முன்னாலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்து, நல்ல இடமாக நீயே தேர்ந்தெடுத்து இறங்கி நில். கடைசி நொடியில் ஹாரனுக்குப் பயந்து அரையடிப் பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் மடங்கும். மீண்டும் ஏறும்போதும் ஓடுகிற வேகத்தில் சாய்வாக ஏறாதே. விளிம்பில் டயர் உரசி சைக்கிளை வாரிவிடும். நின்று, தூக்கி வைத்து, பின்னால் பார்த்து, ஏறு.

எதிர்த்திசையில் வருவது ஏன் கூடாது

நடுவே தடுப்பு வைத்த நாலுவழிச் சாலை வந்தபின் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் தொற்றியிருக்கிறது. திரும்பும் இடைவெளி தூரத்தில் இருப்பதால், அதுவரை சுற்றாமல் எதிர்த்திசையிலேயே வந்துவிடுகிறார்கள். "வர்ற வண்டிய நேராப் பாத்துக்கிட்டே போலாம்ல டீச்சர், அதுதானே நல்லது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதிலைக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன்.

சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர். கார் 60. ஒரே திசையில் போனால் கார் உன்னை நெருங்கும் வேகம் 45 தான். 100 மீட்டர் தூரத்தில் உன்னைப் பார்த்த ஓட்டுநருக்கு 8 நொடி கிடைக்கிறது. எதிரே வந்தால் இரண்டு வேகமும் கூடி 75. அதே 100 மீட்டரில் அவருக்குக் கிடைப்பது 5 நொடிக்கும் குறைவு. பின்னால் வருபவர் உன் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் பொறுத்து வரலாம். எதிரே வருபவர் முழுதாக நிறுத்தினாலும் மோதலை நீதான் தவிர்க்க வேண்டும். இன்னும் பெரிய ஆபத்து கிளைச்சாலைகளில் இருக்கிறது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி ஏறுபவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வரும் உன்னை அவர் தேடவே மாட்டார்.

சுற்றிப் போக நேரமில்லையா? இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாலைக்கு வெளியே மண்ணில் நடந்து வா. இறங்கிவிட்டால் நீ நடந்து செல்பவர்.

டிப்பரில் ஏறிப் பார்த்த பாடம்

என் மாணவன் ஒருவனின் அப்பா கல்குவாரி டிப்பர் ஓட்டுகிறார். கேட்டுக்கொண்டதும், ஒரு விடுமுறை நாளில் வண்டியை மைதானத்துக்கே கொண்டுவந்தார். மூன்று பேரைச் சைக்கிளோடு, வண்டியின் இடப்பக்கம், முன்கதவை ஒட்டி நிற்கச் சொன்னார். இன்னொரு பையனை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்.

"கண்ணாடியப் பாரு தம்பி. எத்தன பேரு நிக்கிறாங்க?"

"யாரையுமே காணோம்ப்பா."

"அந்தப் பக்கம் நிக்கிறது அத்தனையும் ஒன்கூடப் படிக்கிற புள்ளைங்க. நான் இப்ப இந்தப் பக்கம் ஒடிச்சா என்ன ஆவும்னு நீயே சொல்லு."

பையன் பதில் சொல்லவில்லை. இறங்கியதும் அந்த மூன்று பேரையும் தொலைவாகத் தள்ளி நிறுத்தினான். பிறகு டிப்பர்காரர், தரையில் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, டிப்பரை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். முன்சக்கரத் தடம் ஒரு வளைவில் போனது. பின்சக்கரத் தடம் அதைப் பின்பற்றவில்லை. பல அடி உள்ளே தள்ளி, மூலையைக் குறுக்காக வெட்டிப் போனது. நீளமான எந்த வண்டிக்கும் இதே கதிதான். பேருந்தின் முன்பக்கம் உன்னைத் தாண்டி அகலமாகப் போனதும் 'நமக்கு இடம் இருக்கிறது' என்று தோன்றும். அந்த இடத்துக்குத்தான் பின்சக்கரம் வரும்.

இதிலிருந்து பிறந்தவை மூன்று விதிகள். சிக்னலிலோ திருப்பத்திலோ நிற்கும் பெரிய வண்டியின் இடப்பக்கம் நுழையாதே. அதன் பின்னால், தள்ளி நில். ஓட்டுநர் முகம் அவருடைய கண்ணாடியில் உனக்குத் தெரியாவிட்டால், நீ அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவே புகுந்து போகாதே. பையும் குழந்தையுமாக இறங்குகிறவர் உன்னைப் பார்க்கமாட்டார். பேருந்து கிளம்பும்வரை காத்திருப்பதால் போவது அரை நிமிடம்தான்.

வலப்பக்கம் திரும்பும்போது

சைக்கிளில் மிகக் கடினமான வேலை இதுதான். இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, பின்னால் வருவனவற்றையும் எதிரே வருவனவற்றையும் கடந்து போக வேண்டும். பலர் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கையை நீட்டுவது பார்த்தபிறகு செய்ய வேண்டிய வேலை.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அதன்மேலே ஓட்டச் சொல்வேன். நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். ஓட்டியபடியே வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். கோட்டை விட்டு விலகக் கூடாது. முதல் நாள் எல்லோரும் திரும்பிய பக்கமே சைக்கிளும் போகும். தோளோடு சேர்த்துக் கைப்பிடியையும் திருப்புவதால் வருவது இது. இடக்கையைத் தளர்வாக வைத்து, கழுத்தை மட்டும் திருப்பப் பழகினால் சில நாளில் வசப்படும். இது வராத பிள்ளையை நெடுஞ்சாலையில் வலப்பக்கம் திரும்ப நான் அனுமதிப்பதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கும், வண்டி நெரிசலான சந்திப்புகளுக்கும் எளிய வழி உண்டு. இடப்பக்கமாகவே சந்திப்பை நேராகத் தாண்டு. எதிர்முனையில் ஓரமாக நின்று இறங்கு. இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டே சாலையைக் கட. பதினாறு வயதுப் பையன்களுக்கு இறங்கித் தள்ளுவது கௌரவக் குறைச்சலாகத் தெரியும். கூட்டமாகச் சேர்ந்து எல்லோரையும் ஒன்றாகத் தள்ளச் சொன்னால் அந்தக் கூச்சம் போய்விடும்.

இருட்டும் மழையும்

கார்த்திகை, மார்கழியில் சிறப்பு வகுப்பு முடிந்து கிளம்பும்போதே இருட்டிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் கால்வைக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குப்பின் நிற்க, காய்ந்த நல்ல சாலையிலேயே இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஈரத்தில் இன்னும் அதிகம். ஆக, அவர் உன்னை 40 மீட்டருக்கு அப்பாலிருந்தே பார்த்தாக வேண்டும். கருநீலச் சீருடையும் கறுப்புப் பையும் அந்தத் தூரத்தில் தெரியாது.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் தோள்பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளுக்கும் அதேதான். வண்டிகளுக்குப் பெயர் ஒட்டும் கடையில் ரேடியம் ஸ்டிக்கர் சிறு செலவில் கிடைக்கும். பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் வெள்ளை, சக்கரக் கம்பிகளில் ஒன்றிரண்டு துண்டு, பள்ளிப் பையின் முதுகில் ஒரு பட்டை. பெடலின் இரண்டு பக்கமும் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைப் பிடுங்கிப்போடாதே. அது மேலும் கீழும் போய்வருவதைக் கண்டதுமே, முன்னால் போவது சைக்கிள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆனால் ஸ்டிக்கர், மேலே வெளிச்சம் பட்டால்தான் மின்னும். கிளைச்சாலையில் நிற்பவருக்கு நீ தெரிய வேண்டுமானால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். ஒரு காலத்தில் விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும்; டைனமோ வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பிடிக்க ஆளில்லை என்பதால் தேவை போய்விடவில்லை. எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் அதை நேராகப் பார்க்காமல் சாலையின் இடவிளிம்பைப் பார்த்து, வேகத்தைக் குறை.

மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது. சுற்றிப் போக முடியாவிட்டால் இறங்கு. சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் நனைந்தால் வழுக்கும். அவற்றின்மேல் திரும்பாதே, பிரேக் பிடிக்காதே. ரயில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கட. சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும்.

சைக்கிளும் உடுப்பும்

புதுச் சைக்கிள் என்றாலும் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டி மரை எல்லாவற்றையும் முடுக்கிக்கொள்ள வேண்டும். ஓடத் தொடங்கியபின் மரை தளர்வதும் பிரேக் கம்பி நெகிழ்வதும் இயல்பு. காலையில் கிளம்புமுன் பார்க்க மூன்றே விஷயம்: டயரில் காற்று, இரண்டு பிரேக்கும், பெல்.

முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால் வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் வலுவும் அங்கேதான் கூடுகிறது. பின்பிரேக்கை மட்டும் நம்பினால் டயர் தேய்ந்து சறுக்குமே தவிர, வேண்டிய தூரத்தில் நிற்காது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்து. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சொல். துப்பட்டாவின் இரு முனையையும் பின்னால் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள். அது சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கும். செயின் கவரைக் கழற்றாதே. காதில் இயர்போன் யாருக்கும் வேண்டாம். பின்னால் வருவது டிப்பரா பைக்கா என்பதை உனக்குச் சொல்வது காதுதான். சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சட்டம் இல்லை. இருந்தாலும் வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொடுங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நேராக, வார் பூட்டிப் போட வேண்டும்.

அடிபட்டால்

108க்கு அழைக்க வேண்டும். மோதிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதவப் போனால் வழக்கு வரும் என்ற பழைய பயம் தேவையில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், வரையறுத்த தொகைவரை இலவசம்.

சைக்கிளுக்கு உரிமமும் காப்பீடும் இல்லாததால் இழப்பீடு கேட்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மோதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன்வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோரலாம். மோதிவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு. அதற்கும் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் பெற்றோருக்கும்

இத்தனையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஆனால் பாரத்தில் பெரும்பங்கு உங்கள் கையில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இது நான் வகுப்பில் நடத்தும் பாடம். சைக்கிளைக் கடக்கும்போது ஒரு காருக்கு விடும் அளவு இடம் விடுங்கள். இடமில்லையென்றால் சில நொடி பின்னால் வாருங்கள். பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்காதீர்கள்; சைக்கிளில் இருப்பவர் அதிர்ந்து உங்கள் பக்கமே சாயக்கூடும். கார் ஓட்டுநர்கள் கதவை இடக்கையால் திறக்கப் பழகுங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

பெற்றோரே, பிள்ளைக்குச் சைக்கிள் வந்த வாரமே, பள்ளிக்குப் போகும் அதே நேரத்தில், அதே பாதையில் ஒருமுறை அவர்களோடு போய்வாருங்கள். எங்கே ஓரம் இடிந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் கருவேலம் மறைக்கிறது, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதை நேரில் காட்டுங்கள். "ஓரமாப் போ" என்பதோடு நிறுத்தாமல், "நேராப் போ, திரும்பிப் பாத்துப் போ, எல்லாரும் உன்னப் பாக்குற மாதிரி போ" என்று சொல்லி அனுப்புங்கள்.